எதிர்க்கட்சிக்கு ஒரு வோட்டு

பூத் ஏஜெண்ட் வேலை என்பது, விடியும் முன்னால் போய் உட்கார்ந்து, ஊரே வந்து வோட்டுப் போட்டுவிட்டுப் போவதைச் சாயங்காலம் வரை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. சம்பளம் கிடையாது. ஒரு பொட்டலம் சாப்பாடு உண்டு. கட்சி நம்பிக்கையோடு இருக்கிற தேர்தலில் அது கோழிக் குழம்போடு வரும், நம்பிக்கை குறைந்த தேர்தலில் சாம்பாரோடு வரும். உங்களில் யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால், நான் சொல்லாமலே உங்கள் முதுகுக்குத் தெரியும்.

நான் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி, ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து, வயதாகி வேலையை விட்டவள். படிப்பு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. சர்ச் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால்கூட எழுந்து நின்று அழுதுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஆனால் பார்த்த முகம் மறக்காது, போட்ட கணக்குப் பிசகாது. கட்சிக்காரர்கள் வந்து, “ஏஜெண்ட் பேசவே கூடாதுக்கா, வாரவங்க சரியான ஆள்தானான்னு பாத்துட்டு எண்ணிக்கிட்டே இருக்கணும்” என்றார்கள். எனக்கென்றே செய்த வேலை போல இருந்தது. வோட்டுச் சீட்டில் முத்திரை குத்திய காலத்திலிருந்து மெஷின் காலம் வரை எங்கள் சட்டமன்றத் தொகுதியில் வந்த ஒரு தேர்தலையும் நான் விடவில்லை. மேலே தேயிலை, கீழே ஏலக்காடு. மேலே தமிழ், கீழே மலையாளம். இங்கே ஜெயிக்கிறவர் மூச்சு வாங்கித்தான் ஜெயிப்பார். அதனால் ஒவ்வொரு வோட்டுக்கும் மரியாதை உண்டு.

குட்டைப் பெஞ்சு

எங்கள் பூத், எஸ்டேட் ஸ்கூலின் ஒன்றாம் வகுப்பு அறை. ஆபீசர்களுக்கு மேஜை நாற்காலி போட்டிருப்பார்கள். கட்சி ஏஜெண்டுகளுக்குப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுதான். உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வரும். முதல் தேர்தலில் நான் உள்ளே போனபோது பெஞ்சின் ஒரு முனையில் எதிர்க்கட்சி ஏஜெண்ட் உட்கார்ந்திருந்தார். பெயர் சவரிமுத்து. எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை, லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பு. தண்ணீர்க் குழாயடியில் நல்ல மாதிரியாகப் பேசுவார். பூத்தில் எப்படியோ என்று பயந்து, மறு முனையில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தேன்.

ஏதோ பார்க்கிறதற்காக அவர் திடீரென்று எழுந்தார். பெஞ்சு அவர் பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. நான் தரையில் கிடந்தேன். கையில் வைத்திருந்த பென்சில் ஆபீசர் காலடிக்கு உருண்டுபோனது. அத்தனை பேர் முன்னால் விழுந்த வெட்கத்தில் எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. அன்றிலிருந்து, எழுந்திருக்கிறவர் மற்றவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்ட ஒரே தீர்மானம் அதுவாகத்தான் இருக்கும். பென்சிலை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: “கொஞ்சம் நடுவுல தள்ளி உக்காரு தாயி. எங்க கட்சி ரெண்டு தடவ ஜெயிச்சும் இந்தப் பெஞ்ச மாத்தல, உங்க கட்சி ஜெயிச்சா மட்டும் மாத்திருவாங்களாக்கும்?”

வீட்டுப் பிள்ளை

தேர்தல் வந்தால் எல்லா ஸ்தானார்த்திகளுக்கும் தமிழ் வந்துவிடும். வேட்பாளர் என்று எழுதலாம்தான், ஆனால் எங்கள் வாயில் வருவது அந்த மலையாளச் சொல்தான். கீழே ஏலக்காட்டுக்காரர் வீடுகளில் மலையாளத்தில் பேசிவிட்டு, நாங்கள் காலையில் வேலைக்குக் கூடும் இடத்துக்கு ஜீப் ஏறி வந்ததும் “வணக்கம்மா” தொடங்கும். ஒரு தடவை எங்கள் கட்சி ஸ்தானார்த்தி வந்தபோது விடாத சாரல். நல்ல மனிதர். யாரோ குடை பிடித்ததற்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டு, நனைந்துகொண்டே, “நான் உங்க வீட்டுப் பிள்ளை” என்றார். கூடையோடு நின்ற எங்களுக்குக் கொஞ்சம் மனசு இளகிவிட்டது. கைதட்டலாமா என்று நான்கூடப் பக்கத்தில் பார்த்தேன்.

பக்கத்தில் செல்வி நின்றாள். முந்தின வாரக் காற்றில் அவள் வீட்டுக் கூரைத் தகரம் பறந்துபோய்த் தார்ப்பாய் கட்டியிருந்தாள். எல்லோரும் தலையாட்ட, அவள் மட்டும் சும்மா நின்றதை ஸ்தானார்த்தி கவனித்துவிட்டார். “என்னம்மா, ஒண்ணும் பேசல?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். செல்வி கூடையை இறக்காமலே சொன்னாள்: “வீட்டுப் பிள்ளைன்னா இன்னைக்கு ராத்திரி தங்கிட்டுப் போங்க சாரே. எந்தப் பக்கம் தலை வச்சா ஒழுகாதுன்னு நானே காட்டித் தாரேன்.”

அட்டைக்குப் பின்னால்

வோட்டு மெஷினைச் சுற்றி அட்டை வைத்து மறைத்திருப்பார்கள். உள்ளே போகிறவர் பொத்தானை அழுத்தினால் ‘பீ’ என்று நீளமாக ஒரு சத்தம் வரும். வந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு தேர்தலில் லில்லி என்று ஒரு பெண் உள்ளே போனாள். சத்தம் வரவில்லை. அவள் கணவன் எங்கள் கட்சி, மாமியார் சவரி அண்ணன் கட்சி. இரண்டு பேரும் வாசலில் நின்று ஆளுக்கொரு பக்கம் கண்ணை உருட்டித்தான் அவளை உள்ளே அனுப்பியிருந்தார்கள். நேரம் ஆக ஆக வரிசை வளர்ந்தது. சவரி அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எந்தப் பக்கம் அழுத்துவது என்று தெரியாமல் பிள்ளை தவிக்கிறாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

ஆபீசர் பொறுக்காமல், “உள்ளே எல்லாம் சரிதானாம்மா?” என்று குரல் கொடுத்தார். கொஞ்சம் கழித்துச் சத்தம் வந்தது. லில்லி வெளியே வந்தாள். முகம் தூங்கி எழுந்த பிள்ளை முகம் மாதிரித் தெளிவாக இருந்தது. மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமனார், காலையும் மாலையும் கறக்கிற மாடு, நடுவில் கொழுந்து வேலை என்று ஓடுகிறவள் அவள். “மெஷின் புரியலையா?” என்று ஆபீசர் கேட்டதற்கு அவள் தணிந்த குரலில் சொன்னாள்: “அதெல்லாம் வந்த ஒடனேயே புரிஞ்சிருச்சு சார். உள்ள நின்னா என்னைய யாரும் கூப்பிடல, அதான் செத்த நேரம் நின்னுட்டேன்.”

கறை

விரலில் மை வைக்கும் ஆபீசராக ஒரு தடவை பாலக்காட்டுப் பக்கத்து வாத்தியார் ஒருவர் வந்தார். சித்தூர் தாலுக்காவில் பெருமாட்டி அவர் ஊர். எங்கள் ஜில்லாவில் ஏதோ பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். “வாங்க”, “உக்காருங்க” என்று எதற்கெடுத்தாலும் ஒரு ‘ங்க’ போட்டுப் பேசுவார். எங்கள் ஆட்களுக்கு அந்த மரியாதையே பழக்கமில்லாமல், பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தார்கள். கூடை இறக்கிவிட்டு நேராக வந்த பாக்கியம் கையை நீட்டியதும் வாத்தியார் முகம் மாறிவிட்டது. “ஏனுங்க, இந்த வெரல்ல முன்னமே மை இருக்குதுங்களே? எங்கீங்க போட்டுட்டு வந்தீங்க?” என்றார்.

அன்றைக்கே தமிழ்நாட்டிலும் வோட்டு. எல்லையில் இருக்கிற எங்களை, அங்கேயும் போட்டுவிட்டு இங்கேயும் போட வருகிறார்கள் என்று சொல்லாத ஆள் கிடையாது. பாக்கியம் நீட்டின கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் எங்கள் கட்சிக்குப் போடுகிறவள். ஆனால் சவரி அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து, “சார், அடுத்த ஆள் கையப் பாருங்க. அதுக்கடுத்த ஆளு கையவும் பாருங்க” என்றார். வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் கையை நீட்டினார்கள். நானும் நீட்டினேன். எல்லாம் ஒரே கறுப்பு, கொழுந்து கிள்ளித் தேயிலைச் சாறு ஊறின கறுப்பு. வாத்தியார் எழுந்து நின்று, “மன்னிச்சுக்குங்க, தென்னந்தோப்பு ஊருக்காரனுங்க நான், இது தெரியலீங்க” என்றார். பாக்கியம் கையை மறுபடி நீட்டிக்கொண்டே சொன்னாள்: “மை ஒரு மாசத்துல போயிரும் சாரே. இது வேலைய விட்டாத்தான் போகும்.”

ஒன்று குறைந்தது

எங்கள் பூத்தில் கட்சிக்கு எத்தனை வோட்டு விழும் என்று வோட்டெடுப்பு முடிந்த அன்றே ஏஜெண்ட் சொல்லிவிட வேண்டும். நான் சொல்கிற எண்ணிக்கையைக் கிளைச் செயலாளர் பாபு அப்படியே மேலே சொல்லிவிடுவான். எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு தேர்தலில் பெட்டியை எண்ணிப் பார்த்தால், நான் சொன்னதைவிட ஒன்று குறைவு. தொகுதி முழுக்கத் தோற்றுப்போன துக்கத்தில் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். எனக்கு அந்த ஒன்றுதான் துக்கம். வீடு வீடாக மனசுக்குள் போய் வந்தேன். சர்ச்சில் உட்கார்ந்தால் முன் வரிசைத் தலைகளைப் பார்த்து, இவரா அவரா என்று யோசித்தேன். சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் கப்பைக் கிழங்கும் பாலில்லாத கட்டஞ்சாயாவுமாக உட்கார்ந்திருந்தவர், “ஏன் ஊரெல்லாம் தேடுதே? இங்க பாரு” என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். நான் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். கல்யாணமானதிலிருந்து அவர் வோட்டை எண்ணாமலே எழுதிக்கொண்டு வந்தவள் நான். கோபம் வந்தது, ஆனால் அதற்கு முந்தின வருஷம் நடந்தது நினைவுக்கு வந்ததும் அடங்கிவிட்டது. மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தபோது என் மாமியார் தவறிப்போனார். எங்கள் கட்சியில் ஒருவரும் வரவில்லை. இப்போது என் வீட்டுக்காரரும் இல்லை, அவர் அன்று சொன்னது மட்டும் இருக்கிறது: “எங்கம்மா அடக்கத்துக்கு எதிர்க்கட்சி ஸ்தானார்த்தி அன்னைக்குச் சகதியில நடந்து வந்தாரு எஸ்தரு. ஒரு வோட்டுதான, கணக்குல கழிச்சுக்கோ.”

பால் சொசைட்டி

சவரி அண்ணனுக்குச் சர்க்கரை. முதலில் கால்விரல் ஒன்றை எடுத்தார்கள், பிறகு கண் மங்கியது. போன சட்டமன்றத் தேர்தல் வருவதற்குள் இரண்டு கண்ணும் முழுசாக இருட்டிவிட்டன. பெஞ்சில் அவருடைய இடத்துக்கு விஜு என்று ஒரு வாலிபனைக் கட்சி போட்டுவிட்டது. மனைவி முன்பே போய்விட்டார். தேர்தல் முடிந்ததும் மகள் அவரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போவதாக முடிவாகியிருந்தது. வோட்டர் லிஸ்டிலும் பெயரை அங்கே மாற்றிவிடுவார்கள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், “இந்த மலையில இதுதான் என் கடைசி வோட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வோட்டுரிமை வந்த நாளிலிருந்து ஒரே கட்சிக்குப் போட்டவர். கடைசி ஒன்று தடம் மாறி விழுந்துவிடக் கூடாது, அதுதான் அவருக்கிருந்த ஒரே கவலை.

நடக்க முடியாதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் இப்போது ஆபீசர்களே வீட்டுக்கு வந்து வோட்டு வாங்கிப் போகிறார்கள். அதற்கு எழுதிக் கேட்க வேண்டும். வோட்டர் லிஸ்ட் வேலை பார்க்கிற அங்கன்வாடி டீச்சர் நல்ல மனசோடு அவர் வீட்டுக்கு வந்து, கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று சொன்னார். நானும் கஞ்சி கொடுக்கப் போனவள் அங்கே நின்றிருந்தேன். குளிர், மேடு, ஜீப் குலுக்கல் எல்லாம் சொல்லிப் பார்த்தோம். அவர் கம்பளியை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். “பால் சொசைட்டிக்காரன் மாதிரி வாசல்ல வந்து அளந்துட்டுப் போறதுக்கா இத்தன வருஷம் போட்டேன்? எனக்குக் கண்ணுதான் போச்சு டீச்சரே, காலு இருக்கு.”

கூட வர ஆள்

கண் தெரியாதவர் வோட்டுப் போட வந்தால், கூட ஒருவரை அட்டைக்குப் பின்னால் அழைத்துப் போகலாம். இதை இங்கே ஓப்பன் வோட்டு என்பார்கள். கூடப் போகிறவர் அவர் சொல்கிற பொத்தானை அழுத்திக் கொடுத்துவிட்டு, வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது; அப்படிக் கையெழுத்தும் போட வேண்டும். அன்று மத்தியானம் சவரி அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் ஜெபமாலையோடு, மகன் ஆரோக்கியத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆரோக்கியம் மூன்றாவது ஒரு கட்சியில் இருக்கிறவன். அவன் கையெழுத்துப் போடப் போனான். அவர், “நீ வெளிய நில்லு” என்றார். பிறகு பெஞ்சு இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, “எஸ்தர் இருக்காளா?” என்றார்.

“இருக்கேன்ணே” என்றேன். எனக்கே கேட்காத குரல்.

“நீ வா என்கூட.”

விஜு துள்ளி எழுந்தான். பெஞ்சு ஆடியது. “அண்ணாச்சி, நம்ம கட்சி ஏஜெண்ட் நான் இருக்கேன்ல? அந்தக்கா எதிர்க்கட்சி!” ஆரோக்கியம், “அப்பா, ஊரு சிரிக்கும்ப்பா” என்றான். “சிரிக்கட்டும்ல. காலையிலருந்து எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுத்தான நிக்காங்க” என்றார் அவர். பூத்தின் பெரிய ஆபீசர் கட்டப்பனைப் பக்கத்து டீச்சர், இளம் வயது. புத்தகத்தைப் புரட்டினார், யாருக்கோ போன் போட்டார், பிறகு என்னிடம், “ஏஜெண்ட் கூடப் போகக் கூடாதுன்னு இதுல எங்கயும் இல்ல. சேச்சிக்குச் சம்மதமா?” என்று கேட்டார். வோட்டுப் போட வரிசையில் நின்ற எங்கள் பாபு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஸ்தானார்த்தி மெஷினில் இரண்டாவது பெயர். பாபு கன்னத்தைச் சொறிகிற மாதிரி இரண்டு விரலை நீட்டிக் காட்டினான். தொகுதி இந்தத் தடவை நூலிழையில் நிற்கிறது என்று ஒரு வாரமாகப் பேச்சு. நான் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன். காலையில் என் வோட்டுக்கு இடது கையில் மை வைத்திருந்தார்கள். இதற்காக வலது கையிலும் வைத்தார்கள். விஜு மட்டும் விடாமல், “ஏன் அண்ணாச்சி, என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டான். அவர் நடந்துகொண்டே சொன்னார்: “நீ கட்சிக்காக அழுத்துவே. அவ எனக்காக அழுத்துவா.”

இரண்டும் நாலும்

அட்டைக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்க இடம் போதாது. அவர் மூச்சு என் தோளில் பட்டது. “எங்காளு எத்தனாவது?” என்று காதோரம் கேட்டார். “நாலாவதுண்ணே.” “சரி, போடு.” பெயர்கள் மலையாளத்திலும் தமிழிலும் தெளிவாக இருந்தன. உள்ளதைச் சொல்கிறேன், என் விரல் தானாகப் போய் இரண்டாவது பொத்தான்மேல் நின்றது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கொழுந்து எடுக்கிற கை யோசித்துவிட்டுக் கிள்ளுவதில்லை, பழகின இடத்துக்குப் போகும். இன்னும் ஒரு நெல்லளவு அழுத்தியிருந்தால் அந்த மனிதரின் கடைசி வோட்டு எங்கள் கட்சிக்குப் போயிருக்கும். உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. வெடுக்கென்று கையை இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

என் விரலை இனி நம்பக் கூடாது என்று தோன்றியது. அவர் கையைப் பிடித்து, அவருடைய விரலையே நாலாவது பொத்தான்மேல் வைத்தேன். சர்க்கரையில் மரத்துப்போன விரல், அடியில் பொத்தான் இருப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அதன்மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். சத்தம் வந்தது. பக்கத்துக் கண்ணாடிக்குள் சீட்டு தெரிந்தது: நாலாம் நம்பர், அவர் சின்னம். கொஞ்ச நேரம் நின்று, அறுந்து உள்ளே விழுந்தது. “விழுந்துருச்சுண்ணே, நாலுதான்” என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் நகரவில்லை. மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியில் இருந்து யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.

அவர் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்த பிறகு, வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட விஷயமாயிற்றே, இதை எழுதலாமா என்று போனில் கேட்டேன். அவர் சிரித்தார். “தாராளமா எழுது. நான் யாருக்குப் போட்டேன்னு அந்த மலையில மாட்டுக்குக்கூடத் தெரியும். உன் வெரலு மொதல்ல எங்க போய் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாக்கும்? அதையும் விடாம எழுது.”

பாபு வந்தான்

அந்தத் தேர்தலில் நாங்கள் தோற்றோம். ஒரு வோட்டில் இல்லை, இருந்தாலும் கொஞ்சத்தில்தான். தோல்விக்குக் காரணம் பேசக் கட்சிக் கூட்டம் போட்டார்கள், என்னைக் கூப்பிடவில்லை. வழியில் பார்த்தால் சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். இனிமேல் பெஞ்சுக்கு வேறு ஆள் என்று நானும் மனசைத் தயார் செய்துகொண்டேன். சும்மா வீட்டில் இருப்பது முதுகுக்கு நல்லதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் இத்தனை தேர்தலுக்குப் பிறகு, தப்பு செய்தவள் என்று பெயர் எடுத்துப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க எனக்கு மனசில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சாயா கொடுத்தேன், ஆறின பிறகும் கையிலேயே வைத்திருந்தான். மழை, கொழுந்து விலை, பக்கத்து எஸ்டேட் பூட்டிக் கிடப்பது என்று சுற்றிச் சுற்றிப் பேசினான். சொல்ல வந்ததைச் சொல்ல அவனுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று புரிந்து, நானே, “வேற ஆளப் போட்டுக்கோ பாபு, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல” என்று எடுத்துக் கொடுத்தேன். அவன் பதறிப்போய் டம்ளரைக் கீழே வைத்தான். “ஐயோ, அதுக்கு வரலக்கா! எங்கப்பாவுக்கும் கண்ணு ரொம்ப மங்கிருச்சு. அவரு சவரி அண்ணாச்சி கட்சின்னு உங்களுக்கே தெரியும். அடுத்த தடவ என் கையப் பிடிச்சு உள்ள வர மாட்டாராம், எஸ்தர் வந்தாத்தான் வாரேங்காரு.”

ஆக, இத்தனை வருஷம் கட்சிக்காக முதுகொடிய உட்கார்ந்ததற்கு எனக்குக் கிடைத்த பதவி, அடுத்த தேர்தலிலும் எதிர்க்கட்சிக்கு ஒரு வோட்டுப் போட்டுக் கொடுப்பது, அதுவும் எங்கள் கிளைச் செயலாளரே வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டபடி.